இளவரசிக்கு வந்தனம்

வவாவு தீவு, டோங்கா
ஞாயிறு மாலை

அன்புள்ள என் சொசாயாவுக்கு,

லவீனியா எழுதுவது. நானும் நம் மகள் சேலாவும் இருக்கிறோம், அந்த மட்டில் ஆண்டவர் கருணை. ஆஸ்திரேலியாவில் திராட்சை பறிக்க உங்களோடு போன நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நீங்கள் சுகமாக இருப்பதாகச் சொன்னார்கள். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

சேலா செவ்வாயிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. அதில் பாதிக் குற்றம் என்னுடையது.

சீருடைமேல் மரியாதைக்குச் சுற்றிக் கட்ட அவளுக்கு வேறு இடுப்புப் பாய் இல்லை. நம் கல்யாணத்துக்கு நான் கட்டியதையே கட்டி அனுப்பினேன். ஓரமெல்லாம் நைந்து நார் தொங்கும். அவ்வளவு பழைய பாயைப் பொத்திப் பாதுகாத்துக் கட்டுவது அரண்மனையில்தானே! பிள்ளைகள் அதையே கேலிக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

திங்களன்று பள்ளியில் புல் வெட்டப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். சேலா வந்ததும் வகுப்பே தரையில் உட்கார்ந்து தலை குனிந்தது. ராஜ குடும்பத்திடம் மட்டும் பேசும் சொற்களில், "இளவரசியார் அமுது செஞ்சாச்சுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் ஒரு மரமண்டை. ஏதோ நாடகம் பழகுகிறார்கள், நம் பெண்ணுக்குத்தான் பெரிய வேஷம் என்று பூரித்துப்போனேன். கையிலிருந்த மரவள்ளிக் கிழங்கை அவர்களுக்கே பங்கிட்டு, "எம் பொண்ண நல்லாப் பாத்துக்கிறீங்க, கண்ணுங்களா" என்றேன். இரண்டு கையாலும் வாங்கி, "ராஜமாதாவுக்கு வந்தனம்" என்றார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேலா அழுதாள். "தெனமும் வெறுங்கிழங்குதானான்னு பாக்கத்தாம்மா அப்படிக் கேக்குறாளுங்க. நீ போயி அதையே அவளுங்க கையில குடுத்து நன்றி வேற சொல்லிட்டியே" என்றாள்.

மறுநாளே ஆசிரியையிடம் போய் முறையிட்டேன். "மரியாதையாப் பேசுனதுக்கு எப்படிங்க தண்டிக்கிறது?" என்று கேட்டார். மாதக் கடைசிக்குள் சேலா வராவிட்டால் பரீட்சை எழுத முடியாதாம்.

என் பேச்சு அவளிடம் எடுபடவில்லை. எனக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். அங்கே உங்களோடு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்க மாட்டேன். போதகர் வீட்டுத் தொலைபேசிக்கு ஒருமுறை அவளைக் கூப்பிடுங்கள். மரியாதையெல்லாம் அவள் பட்டது போதும். "அடி கழுத, எந்திரிச்சுப் பள்ளிக்கூடம் போடி" என்று அப்பாவாக ஒரு தடவை திட்டிவிடுங்கள்.

கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

இன்னும் உங்கள் மனைவி,
லவீனியா