செபாஸ்டின் ஓட்டை போடாத வண்டி

தூத்துக்குடி
14-4-1948

அன்பு மகன் செல்வதுரைக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் அப்பாவும் நானும் சுகம், வாலை ஆட்டிக்கொண்டு ஜிம்மியும் கறுப்பாயியும் அதைவிடச் சுகம். கொழும்பில் நீயும் சுகமாக இருப்பாய் என்றே நம்புகிறேன், ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு உன் புத்திக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று கவலை. வெறிநோய் ஊசி போட்ட சீட்டு இல்லாத நாய்களை முனிசிபாலிட்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள், மோட்டார் சைக்கிளை விற்றுவிடுங்கள், இந்த வயசில் நாய்க்கு வண்டி கட்டி இழுத்தால் கோயிலில் எல்லாரும் சிரிக்கிறார்களாமே என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எழுதிப்போட்டது கிருபை சித்தி என்று எனக்குத் தெரியாதா? சிரிக்கட்டும், வாய் வலிக்கச் சிரிக்கட்டும். ஜிம்மியைக் குட்டியாகச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, அம்மா இது இனி நம்ம வீட்டுப் பிள்ளைலா என்று என் மடியில் போட்டவன் நீதானே. அதை நாய் பிடிகாரன் கையில் கொடுக்கச் சொல்ல உனக்கு எப்படியடா மனசு வந்தது?

ஊசி போடப் பாளையங்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்காரன் நாயை ஏற்ற மாட்டேன் என்கிறான். ரயிலில் இருக்கிற நாய்ப்பெட்டி தகரம், சித்திரை வெயிலில் உள்ளே வெந்துபோகும். அதனால்தான் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி ஒரு வண்டிக்கு நானே ஸ்லேட்டில் படம் போட்டேன். சாயாமல் இருக்கப் பெட்டி தரையோடு தாழ்ந்து இருக்க வேண்டும், குலுக்கல் தெரியாமல் இருக்க அடிப்பலகைக்கு மேலே கட்டில் மாதிரிக் கயிறு பின்ன வேண்டும், கழுத்து நெரியாதபடி சங்கிலியை நெஞ்சுவாரில் கட்ட வேண்டும், கொக்கி கழன்றாலும் வண்டி விட்டுப்போகாமல் தனியாக ஒரு சங்கிலி வேண்டும் என்று எல்லாம் யோசித்தேன். திரேஸ்புரத்தில் வள்ளம் கட்டுகிற செபாஸ்டின் செய்து தந்தார். பார்க்க எவ்வளவு லட்சணம் தெரியுமா! ஆனால் ஜிம்மியை மட்டும் ஏற்றி மாப்பிள்ளையூரணி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தால் நாக்கு ஒரு முழம் தொங்க மயங்கிக் கிடக்கிறான். எனக்கு உயிரே போய்விட்டது, முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் எழுந்தான். பார்த்தால் மனுஷன் ஒரு சந்து விடாமல் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருக்கிறார். காற்று எப்படிப் போகும்? கேட்டால், டீச்சரம்மா, சந்து விட்டா தண்ணி ஏறிராதா, நாளைக்கு எவன் எங்கிட்ட வள்ளம் கட்டுவான் என்று என்னையே மடக்குகிறார். ரோட்டில் எங்கே ஐயா கடல் வருகிறது?

பக்கப் பலகைகளில் ஓட்டை போட ஒருவழியாகச் சம்மதித்தார். மழைத்தண்ணீரும் நாய் மூத்திரமும் வடிய அடியிலும் போட வேண்டும் என்றதும் சிலுவை போட்டுக்கொண்டு துரப்பணத்தைக் கீழே வைத்துவிட்டார். எங்க அப்பன் பாட்டன் யாரும் அடியில ஓட்டை போட்டதில்ல, என் கையால நடக்காது என்றார். சரி, என் கையால் நடக்கட்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே போட்டேன். பாவம், அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போன வாரம் பாளையங்கோட்டைக்குப் போய் வந்தோம். வல்லநாட்டு மேட்டில் இறங்கி, வெயிலுக்குப் போர்த்தியிருந்த ஈரச்சாக்கைத் தூக்கிப் பார்த்தேன், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்குகின்றன. ஊசி போட்டாயிற்று, சீட்டும் கையில் இருக்கிறது, இனி எந்தப் பிடிகாரன் வருகிறான் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை விடும் நேரம் பார்த்துக் கோயில் வாசல் வழியாகவே வண்டியை விடும்படி அப்பாவிடம் சொன்னேன். கிருபை ஓடி வந்து, ஏக்கா, மானம் போகுதுக்கா என்றாள். உன் மானம் பெட்டிக்குள் இருந்தால் எடுத்துக்கொள், என் பிள்ளைகளை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் லீவில் வருகிறாய், சந்தோஷம். கப்பலடிக்கு அந்த வண்டியோடுதான் வருவோம். ஓட்டுவது அப்பா, பின்சீட்டு என்னுடையது, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஜெபிக்காமல் படுக்காதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உங்கள் கம்பெனியில் ரப்பர் விரிப்பு கிடைக்கும் அல்லவா, வண்டிக்குள் போட ஒன்று மறக்காமல் கொண்டுவா. நல்ல தடிப்பாகப் பார்த்து எடு, அதில் உட்கார்ந்து வீட்டுக்கு வரப்போகிறவன் நீயும்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானதீபம் தனராஜ்