கடலை மேலே வைத்துக் கீறிய வரைபடம்

இஞ்சாருங்கோ,

முப்பத்தெட்டு வருடம் உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நீங்கள் போன பிறகு மட்டும் வாய் வருமா? "அம்மா, லெட்டர்ல கூட அப்பான்ர பேர் இல்லையா?" என்று மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நான் கோபே போய் வந்துவிட்டேன். கப்பலில் சமையல்காரராக இருந்தபோது நீங்கள் மூன்று நாள் நின்ற அதே ஜப்பான் துறைமுகம். "ஒருநாள் உம்மைக் கூட்டிக்கொண்டு போறன்" என்று கல்யாணமான நாளிலிருந்து ஏய்த்தீர்களே, அந்த ஊர்தான். நீங்கள் கூட்டிப்போகாவிட்டால் நான் போகமாட்டேனா? மகளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊரில் உங்கள் சைவ மனைவி, மரக்கறி மட்டும் சாப்பிடும் வெள்ளிக்கிழமை பார்த்து இறங்கினாள். நல்லகாலம், அங்கே பேக்கரிப் பாணும் கோப்பியும் அப்படியொரு ருசி. அன்று முழுவதும் அதிலேயே சமாளித்தேன். இதை ஒருநாளும் நீங்கள் சொல்லவில்லையே?

கைப்பையில் உங்கள் வரைபடம் இருந்தது. கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் சேவல் வீட்டுக்கு வழி கீறித் தந்தீர்களே, அது. கூரை உச்சியில் காற்றுக்குத் திரும்பும் சேவல் உள்ள அந்தச் செங்கல் வீட்டின் முன்னே, படியில், இடுப்பில் கைவைத்து நீங்கள் நிற்கும் படம் நம் வரவேற்பறையில்தான் இருக்கிறது. அதே படியில் நானும் ஒருமுறை நிற்கவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் போனேன்.

"அம்மா, சீரியஸ்லி? போன்ல அட்ரஸ் அடிச்சா டூ மினிட்ஸ்."

"அப்பா கீறினபடிதான் போறது. நீ பேசாமல் வா."

தாளின் நடுவில் ரயில் ஸ்ரேசன், கீழே வீடு, மேலே வளைவு வளைவாக ஒரு கோடு. ஊருக்குப் பின்னால் மலை நிற்கிறது. வளைவுகள் அந்த மலைதான் என்று முடிவுகட்டினோம். மலைக்கு முதுகைக் காட்டி இறங்கினோம். சீனர் தெரு வந்தது, ஆவி பறக்கும் கொழுக்கட்டைக் கடைகள் வந்தன, கடைசியில் கடலே வந்துவிட்டது. சேவலைக் காணவில்லை. எனக்குக் கால் கடுத்தது. "பாத்தீங்களா? அப்பாக்கு அப்பவே வழி தெரியாது" என்றாள் மகள்.

கரையோரக் கோப்பிக் கடையில் இருந்த ஜப்பானிய அம்மா ஒருவரிடம் தாளை நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தாளை உற்றுப் பார்த்தவர், அப்படியே தலைகீழாகத் திருப்பினார். வளைவுக் கோட்டில் விரலை வைத்தார். பிறகு அதே விரலால் யன்னலுக்கு வெளியே கிடந்த கடலைக் காட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கள் வல்வெட்டித்துறையில் கடல் வடக்கே. அதனால் எந்த ஊர் போனாலும் உங்களுக்குக் கடல் தாளின் மேல்பக்கம்தான். நாம் குடியிருக்கும் டொரொண்டோவில் ஏரி தெற்கே கிடக்கிறது, அதையும் வடக்கே தூக்கி வைத்திருந்தீர்கள்! பிக்கரிங்கில் ஏரிக்கரையோரம் இருக்கும் நண்பர் வீட்டுக்கென்று புறப்பட்டு, எதிர்ப்பக்கம் வடக்கே ஸ்ரௌவ்வில்லில் நின்று எத்தனை தரம் போன் எடுத்திருப்பீர்கள்? இளமையில் செய்தபோது பகிடி என்றோம். எழுபதில் செய்தபோது மறதி என்றோம்.

டொக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். அவர் பேச்சை நான் கேட்கவில்லை. இனி நீங்கள் ஓட்டவேண்டாம் என்று, பிள்ளைகளுக்கு முன்னால் உங்கள் கார்த் திறப்பைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் தந்தீர்கள். அதன்பிறகு இரண்டு வருடம், நெஞ்சுவலி வந்த நாள்வரை, பக்கத்து சீற்றிலேயே இருந்தீர்கள். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே?

திரும்பி மேலே ஏறினோம். வழியில் பள்ளிவாசல், தேவாலயம், நம் பக்கத்து இந்தியாவின் சமணர் கோயில் ஒன்றுகூட. எல்லா ஊர்ச் சனமும் வந்து வீடு கட்டிக் குடியிருந்த சரிவு. நீங்கள் கீறிய திருப்பங்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. இரண்டாம் திருப்பத்திலேயே மகள் போனை உள்ளே வைத்துவிட்டாள்.

சேவல் அங்கேதான் நின்றது. நானும் படியில் இடுப்பில் கைவைத்து நின்றேன். படம் எடுக்கவந்த மகள் போனை இறக்கிவிட்டு அழுதாள். "அம்மா, அப்பாக்கு மறதி இருக்கேல்லை" என்றாள். "ஓம்" என்றேன். பிறகு இருவருமாக ஐஸ்கிறீம் குடித்தோம்.

இப்போது உங்கள் படத்துக்குப் பக்கத்தில் என் படம். நடுவில், சட்டம் போட்டு, கோப்பிக் கடை அம்மா திருப்பிப் பிடித்தபடியே வரைபடம். கீழே உங்கள் கார்த் திறப்பைக் கொழுவியிருக்கிறேன். வருகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்து, "உது தலைகீழாக் கிடக்குது" என்கிறார்கள். நான் திருப்பவிடுவதில்லை.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். கடைசிக் காலத்தில் அவருக்கு வழி மறந்துபோய்விட்டது என்று இனி யார் சொன்னாலும் விடமாட்டேன். அவருக்கு வழி தெரியும், தாளைப் பிடிக்கத் தெரியாதவர்கள் நாங்கள்தான் என்று சொல்வேன். பிள்ளைகளுக்கு முன்னால் சொல்வேன்.

உங்கள் பக்கத்து சீற்றில் இருக்க ஆசைப்படும்,
மனைவி தேவகி