கடைசி அஞ்சு

வலங்கைமான்
15.11.98

அன்பு மகன் ஜாஃபர் சாதிக்குக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். துபாய் வெயிலிலும் அல்லாஹ் உன்னை வாடாமல் வைத்திருப்பான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் சுகம், உன் அம்மா என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம், காரணம் பின்னால் வருகிறது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, நம் சம்பாப் பயிர் இதுவரை தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நீ அனுப்பிய உடற்பயிற்சி வீடியோ கேசட் போன மாதமே வந்துவிட்டது. ஹஜ்ஜுக்கு இன்னும் நாலு மாதம். நாற்பது வருடம் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தே இருந்த இந்த உடம்பு கஅபாவை ஏழு சுற்றுச் சுற்றாது, சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். என் காலால் நடந்துதான் சுற்றுவேன் என்று நானும் ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டேன், இனி பின்வாங்க முடியாது. ஆகவே பிஸ்மி சொல்லிக் கேசட்டைப் போட்டோம். அதில் வந்த வெள்ளைக்காரப் பெண்ணின் உடுப்புக்கு, ஒரு ஜவுளிக்காரனாகச் சொல்கிறேன், முக்கால் மீட்டர்கூட ஆகியிருக்காது. உன் அம்மா டிவியையும் கேசட் ஓடும் டெக்கையும் சேர்த்துப் பெரிய துண்டால் மூடினாள். பாட்டு பள்ளிவாசல்வரை கேட்கும் என்று சத்தத்தையும் அடைத்தாள். தான் மட்டும் துண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்து எனக்கு உத்தரவு சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

எடைக்குப் பதிலாகக் கடைக் கைலிக் கட்டுகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுவது, பிறகு தண்டால். உயிர் போகும் நேரத்தில் "கடைசி அஞ்சாம்" என்பாள் அம்மா. அதை முடித்தால் "இன்னொரு கடைசி அஞ்சாம்." ஒரு நாள் நாலு கடைசி அஞ்சு வந்தது. சொன்ன சொல்லில் நிற்காத இவளெல்லாம் ஒரு மனுஷியா என்று கத்தினேன். "எங்கிட்ட ஏங்க கோவிச்சுக்கிறீங்க, அவ சொல்றதத்தானே நான் சொல்றேன்" என்று துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. ஒரு வெள்ளைக்காரியிடம் தோற்பதா என்ற ரோஷத்தில் தினமும் முடித்தேன்.

நேற்று மூன்றாவது கடைசி அஞ்சில் இருந்தபோது, நம் கடை ஐயாவு எதையோ மார்போடு அணைத்துத் தூக்கி வந்து, "டெக்கு சரியாயிடுச்சு மொதலாளி, எங்க வைக்கிறது?" என்றார். ரிப்பேர் கடைக்குப் போய்ப் பதினெட்டு நாளாகிறதாம். துண்டைத் தூக்கினேன். அணைந்து கிடந்த டிவிக்கு முன்னால் உன் அம்மா நிம்மதியாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "ஒரு சீலைக்கு எத்தன தரம் 'இதான் கடைசி வெல'ன்னு சொல்றீங்க, யாராச்சும் எந்திரிச்சுப் போயிருக்காங்களா?" என்றாள். ஐயாவு சிரிக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் இன்று காலை மொட்டை மாடிக்கு ஏழு தரம் ஏறி இறங்கினேன், மூச்சு என்னிடமே இருந்தது. டாக்டரும் நாற்காலிப் பேச்சை எடுக்கவில்லை. நீயும் அங்கே உட்கார்ந்தேதான் வேலை பார்க்கிறாயாமே, வேண்டுமானால் போனில் எண்ணுகிறேன் என்கிறாள் அம்மா. யோசித்துச் சம்மதி.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. இனி கேசட் எதுவும் வேண்டாம். அனுப்புவதானால் எண்ணுவதற்கு நல்ல தஸ்பீஹ் மணிமாலை ஒன்று மறக்காமல் அனுப்பு. மக்கா போனதும் ஏழு சுற்றையும் நானே எண்ணிக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அத்தா
ஜெய்னுலாபுதீன்