உறுதியில் என் பெயரைத் தேடிய கொரிய அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை உங்கள் மகள் தந்த வறுத்த பார்லியைக் கொதிதண்ணீரில் போட்டேன். குசினி முழுக்க உங்கள் அலுவலக மணம். முதல் நாள் இதைத் தேநீர் என்று நீங்கள் நீட்டியபோது, சட்டி அடிப்பிடித்த தண்ணீரை ஊற்றித் தருகிறாரோ இந்த மனுசி என்று நினைத்தேன். மரியாதைக்கு இரண்டு கோப்பை குடித்தேன். நீங்கள் அதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டு, போகும்போதெல்லாம் ஊற்றித் தந்தீர்கள். இப்போது இது இல்லாமல் எனக்கு விடிகிறதில்லை. நீங்கள்தான் இல்லை.

டோர்ட்மண்டில் நாங்கள் வீடு தேடிய காலத்தில், எங்கள் பெயரைத் தொலைபேசியில் கேட்டதுமே வீடு போய்விட்டது என்று சொன்ன தரகர்கள் எத்தனை பேர். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்த கொரியப் பெண்தான் வீட்டுத் தரகரான உங்களிடம் அனுப்பினாள். தரகர் என்றால் எனக்குத் தெரிந்தது கலியாணத் தரகர் மட்டுந்தான். நீங்களும் அவரைப்போல ஒரு கொப்பியோடு வந்து, எங்கள் குடும்பத்தைப் பற்றியே ஒரு மணித்தியாலம் கேட்டீர்கள்.

உங்கள் அப்பா இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்தவர். ஜேர்மன் கடிதங்களை அவருக்கு வாசித்துச் சொல்லியே வளர்ந்ததாகச் சொன்னீர்கள். அதனால்தானோ என்னவோ, வங்கிக் கடிதத்திலிருந்து கூரை ஒழுக்கு வரை எல்லாவற்றையும் கொரியக் குடும்பங்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லிக் கொடுத்தீர்கள். அந்தப் பெண்கள் உங்களை ஒன்னி என்பார்கள். அக்கா என்றுதான் அதற்குப் பொருள் என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கும் அக்காதான். நமக்குள் இருந்தது ஜேர்மன் மட்டும். ஆனாலும் நீங்கள் பேசியது எனக்கு இப்போது தமிழிலேயே நினைவு வருகிறது.

வாசல் எந்தத் திசை என்று என் கணவர் கேட்டபோது மற்றத் தரகர்கள் சிரித்தார்கள். நீங்கள் அடுத்த முறை வீடு காட்டத் திசைகாட்டியோடு வந்தீர்கள். "எங்கடை ஆக்களும் பேய் நடமாடாத நாள் பார்த்துத்தான் வீடு மாறுவினம்" என்றீர்கள். அந்த இடத்திலேயே இவர் உங்களுக்கு விழுந்துவிட்டார்.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் நோட்டாரிடம் போக வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு டெர்மின் குறித்துத் தந்தார்கள். பத்தரைக்கு இராகுகாலம். அதற்குள் கையெழுத்து வைத்துவிட வேண்டும் என்பது இவருடைய கணக்கு. அதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே, உறுதி வரைவைப் பார்த்துவிட்டு நீங்கள் எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுத்தீர்கள்.

"வாங்குபவர் எண்ட இடத்திலை உங்கடை பேர் இல்லை. தெரியுமோ?"

"தெரியும் அக்கா. எனக்கு அது முக்கியமில்லை" என்றேன்.

இவர் வேண்டுமென்று செய்ததில்லை. வங்கிப் படிவத்தை இவர் நிரப்பினார், இவர் பெயரை எழுதினார். இருபது வருடமாக வீட்டில் எல்லாப் படிவமும் அப்படித்தான் போனது. கடனுக்கு மட்டும் என் கையெழுத்தும் தேவைப்பட்டதால் நானும் கூடப் போனேன்.

உறுதி முழுவதையும் நோட்டார் உரத்து வாசிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அவர் மூச்சு விடாமல் வாசித்தார். இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு "ஜா, ஜா" என்று ஆமாம் போட்டார். ஒவ்வொரு "ஜா"வுக்கும் நானும் தலையாட்டினேன். அப்போது நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ. இவ இதை அவருக்குத் தமிழிலை சொல்லட்டும்."

"எங்களுக்கு ஜேர்மன் விளங்கும்" என்றார் இவர், முகம் சிவந்து.

"விளங்கும். எண்டாலும் வீடு வாங்கிற கதையைத் தாய்மொழியிலை ஒருக்கால் கேட்கவேணும். என்ரை கொரிய ஆக்களுக்கும் நான் இப்பிடித்தான் செய்யிறனான்."

நான் முதலிலிருந்து தொடங்கினேன். விற்கிறவர் இன்னார். வாங்குகிறவர் என்று சொல்லி இவருடைய பெயரைச் சொன்னேன். அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. தண்ணீர் குடித்தேன். திரும்பவும் இவருடைய பெயரையே சொன்னேன். உங்களுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகுதான் இவரும் பார்த்தார்.

எங்கள் ஊரில் வீட்டைச் சீதனமாகப் பெண்ணின் பெயரில்தான் எழுதுவார்கள். எனக்கும் எழுதியிருந்தார்கள்.

"அங்கை உம்மடை பேரிலை இருந்த வீட்டை வித்துத்தானே நான் இஞ்சை வந்தனான்" என்றார் இவர் மெதுவாக. நோட்டாரிடம் திரும்பி, அரைவாசியை என் பெயரில் எழுதச் சொன்னார்.

திருத்தி அடித்துக் கொண்டுவர, மணி பத்தரை தாண்டிவிட்டது. "இப்ப கையெழுத்து வைக்க ஏலாது" என்று இவர் என் காதுக்குள் சொன்னார். எனக்கு வெட்கத்தில் மேசைக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது. நான் அதை ஜேர்மனில் சொன்னதும் நீங்கள் சிரிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் இந்தக் குடும்பத்துக்கு நல்ல நேரம், அதுவரை வெளியில் இருக்கிறோம் என்று, வங்கி விதியைச் சொல்வதுபோல நோட்டாரிடம் சொன்னீர்கள். வீடு விற்ற ஜேர்மன் கிழவர், அந்த வீட்டில் நாற்பது வருடம் இருந்துவிட்டேன், இன்னும் ஒன்றரை மணித்தியாலம் பெரிதா என்றார். பன்னிரண்டு பத்துக்கு அவர், நாங்கள் இருவர், நோட்டார் என்று நான்கு கையெழுத்துகளும் விழுந்தன.

இப்போது நானும் தமிழ்க் குடும்பங்களோடு நோட்டாரிடம் போகிறேன் அக்கா. உங்களைப்போல நோட்டாரைக் காக்க வைக்கும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் தமிழில் சொல்லாமல் ஒரு பந்தியும் தாண்ட விடுவதில்லை. போன மாதம் ஊன்ட்றொப்பில் இருக்கிற எங்கள் அம்மன் கோயிலடியில் ஒரு பிள்ளை தன் உறுதி வரைவைக் காட்டினாள். கணவனின் பெயர் மட்டும் இருந்தது.

"எனக்கு அது முக்கியமில்லை அக்கா" என்றாள்.

"இதை அவருக்கு நீரே வாசித்துச் சொல்லும் பிள்ளை. பிறகு கதைப்பம்" என்றேன்.

நான் அவளை நம்பவில்லை. ஏனென்றால் அன்று தொலைபேசியில் நான் உங்களுக்குச் சொன்னதும் பொய். எனக்கு அது முக்கியமாயிருந்தது, ஊர் வீட்டை விற்ற நாளிலிருந்தே. உங்களுக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. ஆசுபத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதுகூட, வெட்கத்தில் இதை நான் சொல்லவில்லை அக்கா.