இடைவேளையில் கடை மூடப்படும்

ஆகஸ்ட் 12, திங்கள்

பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு முகாமில் இரண்டாவது வாரம். மகள் டெஸ்ஸா வீட்டுக்குள் வந்ததும் சமையலறைத் தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டாள். ஓடு குளிர்ச்சியாக இருக்கிறதாம். இடது தோளில் சூசஃபோன் அழுத்திய சிவப்புத் தடம். உடம்பைச் சுற்றி வளைந்து தலைக்கு மேலே குழியாக விரியும் அந்தப் பித்தளைப் பாரத்தைச் சுமந்துகொண்டு, காலையிலிருந்து பள்ளி வாகன நிறுத்தத்தில் தார்மீது முன்னும் பின்னும் நடந்திருக்கிறாள்.

அவள் அப்பா கர்ட் அவளைத் தாண்டிப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். "ஊதுறதுக்கு இவ்வளவு வேர்வையா? நாங்க ஃபுட்பால் ஆடினப்பக்கூட இப்படி விழுந்து கெடந்ததில்ல."

"ஆடாம பெஞ்சுலயே உக்காந்திருந்தவனுக்கு எதுக்குப்பா வேர்க்கும்?"

அவன் சிரித்துவிட்டான். நானும்தான்.

பள்ளியில் இது அவளுடைய கடைசி வருடம். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மேல்கோட்டில் தைத்துக்கொள்ளப் பள்ளியின் முதலெழுத்து. துணியில் வெட்டிய அந்த எழுத்தை இங்கே விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். பேண்டுக் குழந்தைகளுக்கு ஒரு காகிதச் சான்றிதழ், அதுவும் பயிற்சி அறைக்குள்ளேயே.

"பேண்டும் விளையாட்டுதான்" என்று அச்சடித்த சட்டையைப் பெற்றோர் சங்கத்தில் எனக்கும் ஒன்று தந்தார்கள். போடவில்லை. போடவும் மாட்டேன். விளையாட்டு என்றால் எதிரே ஒருவன் வேண்டும், நம்மைத் தடுக்க. பேண்டை யார் தடுக்கிறார்கள்? ஒன்றை மதிக்க வேண்டுமென்றால் அதற்கு இன்னொன்றின் பெயரை மாட்டித்தான் ஆகவேண்டுமா?

ஆகஸ்ட் 15, வியாழன்

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கிணற்றுநீர் மாதிரிகள் குவிந்து கிடக்கின்றன. டெஸ்ஸா லேசாக நொண்டுகிறாள். கேட்டால், "ஒண்ணுமில்ல."

ஆகஸ்ட் 22, வியாழன்

ஒண்ணுமில்லை என்று நானும் விட்டிருக்கக் கூடாது.

பயிற்சி நடுவில் காலை ஊன்ற முடியாமல் போயிருக்கிறது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் பள்ளியின் விளையாட்டுச் சிகிச்சை அறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்தவர் கதவிலேயே நிறுத்திவிட்டார். முதலெழுத்து உள்ள விளையாட்டுகளுக்கு மட்டும்தான் அந்த அறையாம். உள்ளே ஒரு ஃபுட்பால் பையன் விரலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். வாசலில், தரையில் உட்கார்ந்து எனக்கு ஃபோன் செய்தாள்.

டோலீடோ நகரத்தில் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். பாத எலும்பில் மயிரிழை விரிசல். ஓய்வில்லாமல் ஒரே இடத்தில் பாரம் இறங்கினால் வருவது. அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன விளையாட்டு ஆடற?"

டெஸ்ஸா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

காலை அசையவிடாத கெட்டியான சிகிச்சை பூட்ஸ் மாட்டிவிட்டிருக்கிறார்கள். செப்டம்பர் பாதிவரை அணிவகுப்பு கிடையாது.

இந்த முதலெழுத்தை வெறும் துணி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. யார் விழுந்தால் தூக்க வேண்டும் என்று இந்தப் பள்ளி தீர்மானிப்பதே அதை வைத்துத்தான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

விளையாட்டுத் துறைத் தலைவர் ஹௌசரைப் பார்த்தேன். மரியாதையாகப் பேசினார், காப்பி தந்தார்.

"கெயில், தப்பா நெனைக்காதீங்க. விளையாட்டுன்னா எதிரணி வேணும். ஸ்கோர் வேணும். பேண்டுக்கு எங்க இருக்கு?"

என்னுடைய வார்த்தைகள். என் மேசையிலிருந்து திருடிக்கொண்டு போனவர் மாதிரி சொன்னார். அவர் வாயில் கேட்கும்போது எவ்வளவு சோம்பேறித்தனமாக இருந்தது!

"போன வருஷம் மைதானத்தோரம் ஆடிக் கத்தற உற்சாகக் குழுவுக்குக் குடுத்தீங்களே. அவங்களுக்கு யார் எதிரணி?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அது... ஃபுட்பாலோட சேர்ந்தது."

ஆக, கேள்வி விளையாட்டா இல்லையா என்பதே அல்ல. யாரை ஃபுட்பாலோடு சேர்த்து எண்ணுகிறோம் என்பதுதான். பேண்டு வராத ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தை இவர் பார்த்திருக்கிறாரா?

பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பத்துப் பேருக்கு முன்னால்கூடப் பேசியதில்லை நான். ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். வழக்கம்போல எனக்குத் தின்பண்டக் கடை. பேண்டுப் பெற்றோர்தான் அதை நடத்துகிறோம். பேண்டின் சீருடை, பேருந்துச் செலவு எல்லாம் அந்த வருமானத்திலிருந்துதான். மிட்ஸி ஹாட்டாக் சுட்டு ரொட்டியில் வைப்பது, நான் நாச்சோஸ் வறுவல்மேல் சீஸ் ஊற்றுவது. மிட்ஸியின் மகன் பெரிய டிரம் வாசிக்கிறான். கடை அவளுடைய ராஜ்ஜியம்.

இடைவேளை விசில் ஊதியதும் கூட்டம் மொத்தமும் எங்கள் ஜன்னலுக்கு வந்துவிடும். "சீக்கிரம்மா, ஆட்டம் ஆரம்பிச்சிடும்!" மைதானத்தில் பேண்டு வாசிக்க, பின்சுவர் வழியாக டிரம் அதிர்ந்தது. சீஸ் பாத்திரத்தின் மூடி கூடவே நடுங்கியது. அவ்வளவுதான் நான் கேட்டது.

டெஸ்ஸா பூட்ஸ் காலோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

இரண்டாவது ஆட்டமும் இங்கேயே. ஜெயித்தோம் என்றார்கள். சீஸ் தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 16, திங்கள்

வாரியக் கூட்டம். எழுதி வைத்ததைப் படித்தேன். ஆகஸ்ட் வெயில், டெஸ்ஸாவின் கால், மூடிய கதவு. விளையாட்டு என்று கூப்பிடச் சொல்லவில்லை, சமமாக எண்ணுங்கள் என்றேன்.

உறுப்பினர் ப்ருக்கர், டிராக்டர் வியாபாரி, நாற்காலியில் சாய்ந்து, "பேண்டு மேல எனக்கு ரொம்ப மதிப்பும்மா. ஒரு ஆட்டம் விடறதில்ல நான்," என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன். "இந்த வருஷம் இடைவேளையில என்ன வாசிச்சாங்க, சொல்லுங்க பார்ப்போம்."

அவர் முகம் சிவந்தது. பிறகு நிதானமாகக் கேட்டார்: "நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. உங்களுக்கு ஹாட்டாக் குடுத்துட்டிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வாரியத் தலைவி, "கவனத்தில் கொள்கிறோம்" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கர்ட் காரில் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "சரியான அடி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருடம். நான்கு வருடமாக ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. மிட்ஸியும் பார்த்ததில்லை. அந்தக் கடையில் நிற்கும் ஒருவரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் வாசிக்கும் அதே நேரத்தில் பார்வையாளர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது யார்? நாங்கள்தானே! கையில் இடுக்கியோடு.

செப்டம்பர் 19, வியாழன்

பெற்றோர் சங்கக் கூட்டத்தில் சொன்னேன்: இடைவேளை முழுக்கக் கடையை மூடிவிட்டுப் போய்ப் பார்ப்போம்.

மிட்ஸி எழுந்தே நின்றுவிட்டாள். "உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுடுச்சா கெயில்? வர்ற வியாபாரமே அப்பதான்!"

"தெரியும்."

"சீருடைக்கு என்னடி பண்றது?"

"ஆட்டத்துக்கு முன்னாலயும் விக்கலாம், நடுவுலயும் விக்கலாம். பசிச்சவன் வருவான்."

"ஊர்ல ஒருத்தன் நம்ம மூஞ்சில முழிக்க மாட்டான்."

"முழிக்க வேண்டாம். மைதானத்தைப் பாத்தா போதும்."

வெகுநேரம் கத்தினார்கள். கடைசியில் மிட்ஸியே கேட்டாள், மெதுவாக, "எம்பையன் நடுவுல ஏதோ தனியா வாசிக்கறானாமே? நெஜமாவா?" அதோடு முடிந்தது. மூடலாம் என்று கை தூக்காதவர்கள் மூன்று பேர்தான்.

செப்டம்பர் 27, வெள்ளி

மூடினோம்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மிட்ஸி இரும்புக் கதவை இறக்கினாள். ஒரு ஆள் வெளியிலிருந்து தட்டினான். "என்னாச்சு? யாராவது செத்துட்டாங்களா?"

"ஒருத்தரும் சாகல. எங்க பிள்ளைங்க ஷோ. போய் உக்காந்து பாரு!"

"ஒரே ஒரு நாச்சோஸ்..."

"போடா, போய்ப் பாரு!"

ஏப்ரனோடு வேலியோரம் வரிசையாக நின்றோம். வெங்காய நாற்றத்தோடு. பின்னால் கூட்டம் கொஞ்ச நேரம் முணுமுணுத்தது. கடை இல்லாததால் போக இடமில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள்.

பூட்ஸைக் கழற்றியபின் டெஸ்ஸா மைதானத்தில் இறங்கியது இன்றுதான். நான் அவளைத் தேடினேன். பின்வரிசையில் நான்கு சூசஃபோன்கள். ஒரே தொப்பி, ஒரே நடை, ஒரே கணத்தில் தூக்கும் ஒரே முழங்கால். எது என் மகள்? கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பின்பக்கமாக நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், ஒரு நேர்கோடு வட்டமாக வளைந்தது. ஒருவர் மேல் ஒருவர் இடிக்கவில்லை.

ஃபுட்பால்காரனுக்கு முதுகில் பெயர் இருக்கிறது. இவர்கள் வருடம் முழுக்க உழைப்பது, தனியாக யாரும் கண்ணில் படாமல் இருப்பதற்கு. அதை அவ்வளவு நன்றாகச் செய்ததால்தான் யாரும் இவர்களைப் பார்க்கவில்லையோ?

மிட்ஸி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கதவைத் தூக்கணும், வா," என்றாள்.

செப்டம்பர் 30, திங்கள்

ஊர் இணையப் பக்கத்தில் என்னைத் திட்டி நாற்பது பேராவது எழுதியிருக்கிறார்கள். ஒருவர், "அந்த நீர்ப் பரிசோதனைப் பெண்மணிக்கு நாச்சோஸ் சுதந்திரம் பற்றி என்ன தெரியும்" என்று. கர்ட் அதை உரக்கப் படித்துக் காட்டினான். பிறகு அவனே உட்கார்ந்து அந்த ஆளுக்குப் பதில் எழுதினான். என்ன எழுதினான் என்று காட்டமாட்டேன் என்கிறான்.

ஹௌசர் கூப்பிட்டார். இன்னும் மூடிக்கொண்டே இருந்தால் கடையை மல்யுத்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுத்துவிடுவாராம். மிட்ஸியிடம் சொன்னேன்.

"குடுக்கட்டுமே. அப்புறம் ஒக்காந்தே பாக்கலாம்."

அக்டோபர் 11, வெள்ளி

மறுபடி மூடினோம். இந்தத் தடவை யாரும் கதவைத் தட்டவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

வாரியம் வாக்கெடுத்தது. நான்குக்கு ஒன்று. பேண்டுக்கும் முதலெழுத்து உண்டு, இந்த வருடத்திலிருந்தே. சிகிச்சை அறையும்.

ப்ருக்கர் கை தூக்கும்முன் சொன்னார்: "ஹாட்டாக் கெடைக்காத கோவத்துலதான் உக்காந்தேன். ரெண்டு தடவை. அந்தப் பசங்க பின்பக்கமாவே நடக்கறாங்கய்யா, தெரியுமா உங்களுக்கு? நான் முன்பக்கம் பாத்து நடந்தாலே தடுக்கி விழறேன்." என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

ஹௌசர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். விளையாட்டுக்காரர்களுக்கு என்ன விதியோ அதுவே, ஒரு வார்த்தை மாறாமல். நான் முதல் ஆளாகத் தலையாட்டினேன். அதைத்தானே கேட்டோம்?

அக்டோபர் 24, வியாழன்

விதியை இன்றுதான் முழுதாகப் படித்தேன். முதலில் படித்திருக்க வேண்டியது. வேலையில் ஒரு புட்டியைக்கூட இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். இதில் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சொந்த மைதான ஆட்டங்களில் ஒன்றுக்குமேல் தவறவிட்டால் முதலெழுத்து கிடையாது. டெஸ்ஸா பூட்ஸ் காலோடு உட்கார்ந்திருந்தது இரண்டு. காயம்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு, பள்ளிச் சிகிச்சையாளர் அப்போதே பார்த்துக் கையெழுத்திட்டிருந்தால்.

அந்தாளு கதவையே தொறக்கலையே! எப்படிக் கையெழுத்து வாங்கறது? பொண்ணு வாசல்ல தரையில உக்காந்திருந்தா. என்ன விதி இது?

ஹௌசரிடம் போனேன். மருத்துவர் எடுத்த படத்தைக் காட்டினேன். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "போன வருஷம் ஒரு மல்யுத்தப் பையனுக்கு இதே மாதிரி மறுத்துட்டேன் கெயில். இப்ப உங்க பொண்ணுக்கு வளைச்சா அவன் வீட்டுக்கு நான் என்ன சொல்றது?"

சமம் என்று கேட்டவள் நான்.

அடுத்த வாரியக் கூட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறேன் என்று டெஸ்ஸாவிடம் சொன்னேன். அவள் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எனக்கு வேணும்மா. வேண்டாம்னு பெரிய மனசு மாதிரியெல்லாம் நடிக்கமாட்டேன். ஆனா எனக்கு மட்டும்னு நீ போய்க் கெஞ்சாத. போனா, அந்த விலக்கு விதியை எல்லாருக்கும் மாத்தச் சொல்லு. அதுக்குப் போ."

"அதுக்குள்ள உன் வருஷம் முடிஞ்சிடும்."

"தெரியும்."

பெயர் கொடுத்துவிட்டேன். எல்லோருக்குமாக.

நவம்பர் 14, வியாழன்

விருது மாலை. உடற்பயிற்சிக் கூடம் நிறைந்திருந்தது. வழக்கமாக இந்த நிகழ்ச்சியில் பேண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து பள்ளிப் பாட்டை வாசிக்கும், விளையாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நடந்து போய் எழுத்தை வாங்குவார்கள். இந்த வருடம் பேண்டும் வாங்குகிறவர்களின் வரிசையில் நின்றது. வாசிக்க யார் என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை!

ஃபுட்பால்காரர்கள் போகும்போது பாட்டு இல்லாவிட்டாலும் கைதட்டினார்கள். பிறகு பேண்டு என்று அறிவித்து முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். குழல் வாசிக்கும் ஒரு சிறுமி நடக்க ஆரம்பித்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. அவள் காலணி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. பாதி வழியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

எழுத்து கிடைக்காததால் எங்களோடு உட்கார்ந்திருந்த டெஸ்ஸா எழுந்தாள். கர்ட்டின் முழங்காலைத் தள்ளிக்கொண்டு வெளியேறிப் பயிற்சி அறைப் பக்கம் போனாள். திரும்பியபோது தோளில் சூசஃபோன். ஓரமாக நின்று பள்ளிப் பாட்டில் சூசஃபோனுக்குரிய கீழ்ஸ்தாயிப் பகுதியை வாசிக்கத் தொடங்கினாள். மெட்டு இல்லை, தாளக்காரர்கள் இல்லை. கீழ்ஸ்தாயி மட்டும், பூம், பூம் என்று. சின்னவர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். சிறுமி நடந்தாள்.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மிட்ஸியின் மகன் போகும்போது டெஸ்ஸாவைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் கன்னம் சிவந்து உப்பியிருந்தது. அது என்ன பாட்டு என்றே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. கடைசிப் பெயர் போய் உட்காரும்வரை அவள் நிறுத்தவில்லை.