உனக்கு நான் விட்ட ரீல்

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஆன்ட்டி, ஒரு ரீல்ஸ் எடுத்துக்கறேன், சும்மா சிரிங்க" என்றாள். இப்போது ரீல் என்றால் போனில் ஓடும் படமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் நினைப்புதான் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் நாம் இருவரும் மில்லில், நூலை ரீலில் சுற்றிச் சிட்டம் என்கிற நூல்கட்டாக்கும் பகுதியில் நின்றோம். பொய் சொன்னால் 'ரீல் விடாதே' என்று ஊரே சொல்லத் தொடங்கியிருந்த காலம். அது சினிமாவிலிருந்து வந்த பேச்சு என்பேன் நான். நீ ஒத்துக்கொண்டதே இல்லை. "சினிமாக்காரனுக்கு என்னாடி தெரியும்? நூலு அறுந்துபோனா முடிச்சுப் போட்டு, அறுந்ததே தெரியாம சுத்தி விடுறோமே, அதுலருந்து வந்தது. நம்ம செக்சன் பேச்சுடி அது" என்பாய். இதற்காக என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசாமல்கூட இருந்தாய், பிடிவாதக்காரி.

உனக்கு எழுத்து தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகப் போன உன் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தால், சாப்பாட்டு நேரத்தில் நான்தான் படித்துக் காட்டுவேன். ஒரே ஒரு கடிதத்தை மட்டும் நான் உள்ளபடி படித்துக் காட்டவில்லை. அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் ஆகிவிட்டது, இனி என்னை எதிர்பார்க்காதே என்று நாலே வரியில் எழுதியிருந்தார் அந்த மனுஷர். நீ சோற்றைப் பிசைந்துகொண்டு என் முகத்தையே பார்த்தாய். "நல்லாயிருக்கேன், பொங்கலுக்கு வரப் பாக்கறேன்" என்று என் பாட்டுக்குச் சொல்லி வைத்தேன்.

"இன்னொரு தரம் படிடி" என்றாய்.

படித்தேன். பதற்றத்தில் பொங்கல் தீபாவளியாகிவிட்டது.

நீ சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்தாய். கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாய். "ரீல் விடுறதுக்கு ஞாபகம் வேணும்டி" என்றாய். குரலில் கோபமே இல்லை. சங்கு ஊதியதும் இருவரும் எழுந்து வேலைக்குப் போனோம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல வருஷம் மனசு அடித்துக்கொண்டது. வாய் எடுத்தாலே நீ மார்க்கெட்டில் மீன் விற்கிற விலையைப் பேச ஆரம்பித்துவிடுவாய். நெல்லித்தோப்பு வீட்டில் உன்னோடு இருந்த தங்கை மகள் நன்றாகப் படித்தவள். அவளிடமும் நீ அந்தக் கடிதத்தை நீட்டியதில்லை என்று உன் காரியத்தன்றுதான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன்.

அதில் என்ன எழுதியிருந்தது என்று கடைசிவரை நீ யாரையும் கேட்கவில்லை. அந்த நாலு வரியும் எனக்கு இன்னும் மனப்பாடம்.