அப்பா கட்டிய பேனர்

அன்பு லிகாயாவுக்கு,

கட்டணம் மறுபடி ஏறியதால் கடைசி வருடத்தில் நர்சிங் படிப்பை நிறுத்திவிட்டதாக மணிலாவிலிருந்து எழுதியிருந்தாய். உன் கடிதத்தை அப்பாவும் படித்தார்.

பிள்ளை பட்டம் வாங்கினால் வாசலில் பேனர் கட்டாத வீடு நம் தெருவில் ஏது? உன்னுடையதை அவர் ஆசைப்பட்டு முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். நேற்று அதில் "வாழ்த்துகள், நர்ஸ்" என்ற வரியைக் கத்தரித்துவிட்டு, உன் முகத்தை மட்டும் வாசலில் கட்டினார்.

எதிர்வீட்டு பேபாங் சும்மா இருப்பாளா?

"என்னண்ணே, பொண்ணு என்ன பாஸ் பண்ணிருச்சு?"

"பாஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வர்றா."

நீ வருவதாக எழுதவே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

இங்கே மழை பிடித்துவிட்டது. பேனரில் உன் முகம் வெளுப்பதற்குள் வந்துவிடு, கண்ணே.

உன்
அம்மா